வலது மார்பில் ஒரு மச்சம்

போன மாதம் தென்காசியில் ஒரு வாசகர் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உரைநடை எழுதுகிறவன் எதற்காகக் கவிதை வாசிக்க வேண்டும் என்பது தலைப்பு. கல்யாண மண்டபத்து மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சொற்சிக்கனம், செறிவு, படிமம் என்று வாய்க்கு வந்ததை இருபது நிமிடம் அளந்துவிட்டு, போர்த்திய துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரி கதவைத் திறந்ததுமே கேட்டாள்: "என்னத்தப் பேசுனிய?"

"என்னத்தையோ பேசுனேன்."

"அந்தப் பாவூர்சத்திரத்துப் பொம்பள விஷயத்தச் சொன்னியளா?"

சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"அதச் சொல்லாம பின்ன என்ன எழவுக்குப் போனிய?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். முப்பது வருடம் ஒரு போலீஸ்காரனோடு குடித்தனம் பண்ணியவள். ஒரே கேள்வியில் ஆளைச் சாய்க்கத் தெரியும். மேடையில் விழுங்கியதை இங்கே துப்பிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற போலீஸ்காரன். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காக்கிக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள். அவர்களெல்லாம் லத்தி பிடித்தார்கள். எனக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருந்து தொலைத்ததால் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரைட்டர் என்று ஒரு ஏட்டு இருப்பார். புகார், வாக்குமூலம், பிரேத விசாரணை அறிக்கை எல்லாம் அவர் கையால் எழுதுவதுதான். யாருக்கு எங்கே டியூட்டி என்று போடுவதும் அவர்தான். குற்றாலத்துத் தண்ணீர் ஓடுகிற வழியில் ஒரு ஸ்டேஷன். எது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கே பல வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்தேன். வீட்டுக்கு வந்தால் கதை எழுதுவேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. ஸ்டேஷனில் எழுதுவது சோற்றுக்கு, வீட்டில் எழுதுவது பெயருக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன்.

கவிதை என்றால் அப்போது எனக்கு இளக்காரம். முழு வரி எழுத மூச்சில்லாதவன் ஒடித்து ஒடித்துப் போடுகிறான் என்று சொல்லிச் சிரிப்பேன். எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் இருந்தாள். கடையநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை, என் மகள் வயது. சீசன் சமயத்தில் அருவிக்கரைக்குப் பந்தோபஸ்து போனால் அவள் பைக்குள் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். சாரல் பட்டுப் பட்டு அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றுக்கு இரண்டு மடங்காக உப்பிப்போயிருக்கும்.

"ஏட்டி, திருடனப் பாத்துக்கிட்டு நில்லுன்னா என்னத்த வாசிச்சுக்கிட்டு நிக்க?" என்று கேட்பேன்.

"நாலு வரிதான் சார். ஒருத்தன் சங்கிலிய அறுக்கதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பாள். வாய் நீளம்.

ஊருக்குச் சாரல் சீசன் என்றால் குளியல், நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் மசாஜ். எங்களுக்குச் சாரல் என்றால் பிரேதம். வழுக்கி விழுந்தவர், குடித்துவிட்டு இறங்கியவர், எல்லாம் போதும் என்று இறங்கியவர். ஒரு ஆடி மாதம், அருவிகளில் மூன்று நாளாகக் குளிக்கத் தடை. சிற்றாறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தடுப்பணையில் ஒரு ஆள் ஒதுங்கிக் கிடப்பதாகக் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுத்தார். போய்ப் பார்த்தோம். நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தூக்கப் போனவர்கள் கையோடு தோல் வந்தது. பையில் செல்போன் இல்லை, காகிதம் இல்லை. எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆள் யாரென்று தெரியாவிட்டால் நாங்கள் நோட்டீஸ் அடிப்போம். பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் ஒட்டுவார்கள், மற்ற ஸ்டேஷன்களுக்கும் அனுப்புவார்கள். முகம் போன ஆளுக்குப் போட்டோ போட்டுப் பிரயோஜனம் கிடையாது. ரைட்டர் எழுதுவதை வைத்துத்தான் வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான் எழுதியது இது: "சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண். மாநிறம். நடுத்தர உடல்வாகு. நீல நிற அரைக்கைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி அணிந்திருந்தார். அங்க அடையாளங்கள்: 1. இடது முழங்காலில் பழைய காயத்தழும்பு. 2. வலது மார்பில் ஒரு கறுப்பு மச்சம்."

தழும்பு இருந்தது. மச்சம் இல்லை.

அந்தப் படிவத்தில் அங்க அடையாளத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று காலியாக இருந்தாலும் மேலே இருப்பவர் திருப்பி அனுப்புவார். தோல் உரிந்த உடம்பில் மச்சத்தை எங்கே போய்த் தேடுவது? அதனால் நாமாக ஒன்றை வைத்துவிடுவது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அதைத்தான் செய்தார். பழைய நோட்டீஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயதையும் சட்டை நிறத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. "பிரம்மாவுக்கு அடுத்தபடியா இந்த வட்டாரத்துல அதிக மச்சம் வச்சவன் நாந்தான்வே" என்று மற்ற ஏட்டுகளிடம் பெருமை வேறு பேசுவேன். அவர்களும் சிரிப்பார்கள். செத்தவனுக்கு ஒரு மச்சம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. பிணவறையில் துணிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்தபோது அந்த நீலச் சட்டையை விரித்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளைப் பொத்தான். மூன்றாவது மட்டும் ரோஸ் நிறம். சின்னப் பிள்ளைகள் கவுனில் இருக்குமே, பூ வடிவத்தில், அது. கறுப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நாற்றத்திலும் நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டைப்பையிலிருந்து என் சொந்த டைரியை எடுத்து, "ரோஸ் பொத்தான், கவுன், கறுப்பு நூல்" என்று குறித்துக்கொண்டேன். கதைக்கு ஆகும் என்று தோன்றியது.

நோட்டீஸில் போடவில்லை. நோட்டீஸில் பொத்தானுக்குக் கட்டம் கிடையாது.

யாரும் வரவில்லை. விதிப்படி எத்தனை நாள் வைத்திருக்க வேண்டுமோ அத்தனை நாள் வைத்திருந்து, ஒரு எலும்புத் துண்டைப் பரிசோதனைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, உடம்பைப் புதைத்தோம். குழிமேட்டில் நம்பர் எழுதிய கல் ஒன்றை நட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்த்திகையில் என் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பதினாலு பக்கம். மழையை இரண்டு பக்கம், ஆற்றை ஒரு பக்கம், மரணத்தைப் பற்றிய என் அபிப்பிராயங்களை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கடைசியில் பொத்தான் வரும். ஸ்டேஷனில் வாசிக்கிற ஒரே ஆள் என்பதால் அந்தப் பெண் போலீஸிடம் பத்திரிகையைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"பொத்தான் நல்லாருக்கு சார்."

"பொத்தான் மட்டுமா?"

"மத்ததெல்லாம் நீங்களால்லா இருக்கீய. அந்த ஆள் எங்க சார்?"

"அந்த ஆளப் பத்தித்தான் பதினாலு பக்கம் எழுதியிருக்கு."

"அதான் சார் சொல்லுதேன். கவிதை எழுதுத ஆளா இருந்தா பொத்தான வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருப்பாரு. நீங்க பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டே இருக்கீய."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பிள்ளை, எனக்குப் பாடம் எடுக்கிறாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவளுக்குப் பஸ் ஸ்டாண்டு வெயிலில் டியூட்டி போட்டேன். என் விமர்சகர்களில் அவள் ஒருத்தியைத்தான் என்னால் அப்படித் தண்டிக்க முடிந்தது.

அடுத்த வருடச் சாரல் வந்தது. ஒரு நாள் காலையில் ஒரு பெண் ஸ்டேஷன் படியேறி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு போட்டோ. பெண் போலீஸ்தான் முன்மேசையில் இருந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து ஒரு அடிதடி வழக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டு ஆளக் காணும். போன வருசம் ஆடியில போனாக. பாவூர்சத்திரம் சந்தையில லோடு மேனு" என்றாள் வந்தவள். "கேரளாவுக்கு வேலைக்குப் போறேன்னு கோவிச்சிக்கிட்டு போனாக. எங்க ஊர் ஸ்டேசன்ல அப்பமே எழுதிக் குடுத்திட்டேன். செங்கோட்ட, புனலூரு, கொல்லம் வரைக்கும் நானே போயித் தேடியாச்சு. இங்கன ஒருக்கா கேட்டுப் பாப்போம்னு வந்தேன்."

"என்ன சட்ட போட்டிருந்தாரு அக்கா?"

"நீலச் சட்ட. மூணாவது பொத்தான் மட்டும் ரோசு கலரு. எம்மவ கவுன்லருந்து எடுத்து நாந்தான் தச்சுக் குடுத்தேன். அன்னைக்கு அதுக்குத்தான் சண்டையே. சந்தையில எல்லாவனும் கேலி பண்ணுதான்னு என்னய ஏசிட்டுப் போனாக."

பெண் போலீஸ் எழுதுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கையில் பேனா இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பெண் போலீஸே போய் உடைமைகள் வைத்திருக்கும் அறையிலிருந்து அந்த நீலச் சட்டைப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தாள். ஒரு வருடம் மூட்டையாகக் கிடந்த சட்டை விறைத்துப்போயிருந்தது. அந்தப் பெண் அதைத் தொடவில்லை, முதலில் பார்க்க மட்டும் செய்தாள். பிறகு மூன்றாவது பொத்தானைப் பைய நிமிர்த்தி, பின்பக்கத்து நூல் முடிச்சைப் பார்த்தாள்.

"இது அவுக சட்ட இல்ல" என்றாள்.

"நல்லாப் பாருங்க அக்கா."

"இல்லம்மா. இந்த ஆளோட நோட்டீச நான் அப்பமே பாத்துட்டேன். சந்த வாசல்ல ஒட்டியிருந்துச்சு. நீலச் சட்டன்னு பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. பொறவு கீழ வாசிச்சா, மாருல மச்சம்னு போட்டிருக்கு. அவுக மாருல ஒரு மச்சமும் கிடையாது. பதிமூணு வருசமா பாத்த ஒடம்பு எனக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு வயசுன்னு வேற போட்டிருக்கு. அவுகளுக்கு முப்பத்தாறுதான். அன்னைக்கே கோயிலுக்குப் போயி வெளக்கு போட்டுட்டு வந்துட்டேன். வேற யாரோ பாவம், இதே மாரி பொத்தான் தச்சிருக்கா."

வந்தவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். மேசையில் பேப்பர் அதிகமாக இருந்ததால் நான்தான் எழுதுகிறவன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"போலீசு சும்மாவா எழுதுவாக? நேர்ல பாத்துதான எழுதியிருப்பாக. என்ன ஏட்டையா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

இன்ஸ்பெக்டரிடம் போய் மச்ச விவகாரத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் கிடையாது, வேலை அதிகம். "சவத்த விடும்வே. வேணும்னா, ரத்தக்கட்டு மச்சம் போலக் காணப்பட்டதுன்னு ஒரு வரி சேத்து எழுதிரும். மக ரத்தத்த எடுத்து எலும்போட ஒத்துப் பாக்க அனுப்புவோம். ரிப்போர்ட் வந்தா தானாத் தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார். ஒரு வரிதான். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். மகளின் ரத்தம் பரிசோதனைக்குப் போனது. அந்த வரி மட்டும் என் டிராயருக்குள் கிடந்தது, கையெழுத்துப் போடாமல்.

பெண் போலீஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் நானாகவே கேட்டேன்: "ஏட்டி, ஒம் புத்தகம் ஒண்ணு குடு."

"எதுக்கு சார், கேலி பண்ணவா?"

"குடுட்டி."

உப்பிப்போன ஒரு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு எதுவும் புரியவில்லை. அறுந்துபோன செருப்பு வாரைப் பற்றி ஆறு வரி. அதில் என்ன இருக்கிறது என்று கோபம் வந்தது. இதை நான் உரைநடையில் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்து, ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் செருப்பு போயிருந்தது. என் பேச்சு மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னதுபோல பக்கத்திலேயே நின்று வாயடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அந்த நோட்டீஸின் நகலை எடுத்தேன். வேறு எந்தப் பிணத்துக்கும் பொருந்துகிற சொல்லையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடிப்பது என்று ஆரம்பித்தேன். சுமார், போயிற்று. 45 வயது மதிக்கத்தக்க, போயிற்று. மாநிறம், நடுத்தர உடல்வாகு, நீலச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, எல்லாம் இந்த மாவட்டத்தில் பாதி ஆண்கள். முழங்கால் தழும்பு யாருக்கு இல்லை? எனக்கே இருக்கிறது. கடைசியில் அடிபடாமல் நின்றது அந்த மச்சம் ஒன்றுதான். அந்தப் பக்கம் முழுக்க, இந்த ஆள் இவர்தான் என்று அடித்துச் சொன்ன ஒரே விஷயம் அது. அது பொய். அதை அவள் நம்பியதில் என்ன ஆச்சரியம்?

செருப்புக் கவிதைக்கும் அதே சிவப்புப் பேனாவைக் கொண்டு போனேன். ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியவில்லை. அந்த வார் அந்தச் செருப்புடையதுதான், வேறு எந்தச் செருப்புக்கும் போகாது. கோபத்தில் பேனாவை மேசையில் போட்டேன். உரைநடை எழுதுகிறவனுக்கு இடம் தாராளம். பார்க்காததையும் போட்டு நிரப்பலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆறு வரியில் ஒரு பொய் மச்சத்தை ஒளித்துவைக்க முடியாது, மொத்தமும் செத்துப்போகும். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. ஐம்பது வயதுக்கு மேல், ஒரு பொம்பளையின் வருடத்தைத் தின்றுவிட்டு உறைத்தது. என் கதைக்கும் அந்தப் பேனாவைக் கொண்டு போனேன். பதினாலு பக்கத்தில் பொத்தான்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு எந்தப் பிரேதத்துக்கு எழுதுவதாக இருந்தாலும் முதலில் ஒரு கவிதை வாசிப்பேன், பிறகு பிணவறைக்குப் போய் நிற்பேன். மாநிறம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். இரண்டாவது அடையாளம் கிடைக்காவிட்டால் "காணப்படவில்லை" என்று எழுதினேன், திருப்பி அனுப்பினார்கள், மறுபடியும் அதையே எழுதினேன். புரட்டாசியில் ஒரு பெண்ணின் உடம்பு கிடைத்தது. "இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் மருதாணி" என்று எழுதினேன். கட்டத்துக்கு வெளியேதான் எழுதினேன். மறுநாள் காலை அண்ணன்காரன் வந்துவிட்டான். தங்கச்சிக்கு மருதாணி ஒத்துக்கொள்ளாது, ஆசைக்கு ஒரு விரலில் மட்டும் வைப்பாள் என்று சொல்லிச் சுவரில் தலையை முட்டினான். கவிதை வாசித்ததில் எனக்குக் கிடைத்த பலன் அதுதான். அதை எப்படி மேடையில் சொல்வது?

ஆனால் பாவூர்சத்திரத்துக்காரிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ரிப்போர்ட் வரட்டும், ரிப்போர்ட் வரட்டும் என்று நாள் போனது. நாலு மாதம். ரிப்போர்ட் பின்னால் வந்தது, அவர்தான் என்று சொன்னது. அது வருகிற வரைக்கும் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் காலை அந்த ரத்தக்கட்டு வரியை எடுத்து வாசித்தேன். முழுக்கப் பொய், சிவப்புப் பேனா தேவைப்படவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, காக்கியைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சந்தையில் ஒரு மண்டிக்கு வெளியே அவள் உட்கார்ந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு பெட்டியில், நசுங்கியது ஒரு பெட்டியில். அதே பெரிய பொட்டு. என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரிப்போர்ட்டு வந்துட்டா ஏட்டையா?"

"வரல."

"பின்ன?"

சுற்றிலும் லோடு ஏற்றுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் வேலை பார்த்த இடம். அவர் தூக்கிய மூட்டையை இப்போது இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனார்.

"அந்த மச்சம்," என்றேன். "அது அந்த ஒடம்புல இல்ல. நானா எழுதுனது."

அவளுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். புரிந்துவிட்டது.

"எதுக்கு?"

"கட்டம் காலியா இருந்துச்சு."

அவள் என்னை அடித்திருக்கலாம். தக்காளியை எடுத்து மூஞ்சியில் எறிந்திருக்கலாம். மெதுவாக உட்கார்ந்தாள்.

"பொத்தானப் பாத்தீயளா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா எழுதல?"

"எழுதல" என்றேன். அது பாதிப் பொய். எழுதினேன், வேறு இடத்தில், என் பெயருக்காக. அந்தக் கதையைப் பற்றி அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் ஏட்டையா" என்றாள். "அந்த முடிச்சு எங்கையி போட்டது. எனக்குத் தெரியாதா? நீங்க போட்ட மச்சம் ஒண்ணு இருந்துச்சுல்லா, அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அத இப்பம் வந்து பிடுங்குதீய."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. யாருக்கும் யாரும் சொல்கிற சொல். மனதுக்குள் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன்.

அவள் மறுபடியும் தக்காளியை எடுக்கத் தொடங்கினாள். நல்லது, நசுங்கியது. நான் கிளம்பலாம் என்று திரும்பியபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இது மாரி எத்தன பேருக்கு மச்சம் வச்சீய?"

இருபது வருடம். நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை, ஒரு சட்டையும் ஞாபகம் வரவில்லை. பழைய நோட்டீஸ்கள் எல்லாம் வாசிக்க ஒன்றுபோலவே இருக்கும்.

"தெரியலம்மா" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் அந்த வீட்டுப் பொம்பளையளும் வெளக்கு போட்டிருப்பாளுவ. இன்னும் தேடிக்கிட்டு இருப்பாளுவ, என்ன?"